ஒரே கேம், நாலு விலை: எங்கே வாங்கினால் அதைச் செய்தவர்களுக்குக் காசு போகும்?

போன மாதம் அக்கா பையன் போன் செய்தான். "மாமா, இந்த கேம் ஸ்டீம்ல 880 ரூபாய் போட்டிருக்கு, இன்னொரு சைட்ல 210தான், அதே ஸ்டீம் கீதான் தர்றாங்களாம், வாங்கிடட்டுமா?" (ஸ்டீம் என்பது வால்வு நிறுவனம் நடத்துகிற கணினி கேம் கடை, கீ என்பது அதில் போட்டால் கேம் நமக்குக் கிடைக்கிற எழுத்துக் குறியீடு.) பிளஸ் டூ படிக்கிறவன், கையில் இருப்பது பொங்கலுக்குத் தாத்தா கொடுத்த காசு. வேண்டாம்டா என்றேன். ஏன் என்றான். அந்தக் காசு கேம் செய்தவங்களுக்குப் போகாது என்றேன். "அப்போ பண்டில்ல எட்டு கேம் ஆயிரம் ரூபாய்க்குத் தர்றாங்களே, அதுவும் கம்மிதானே, அதை மட்டும் வாங்கலாம்னு போன வாரம் நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டான். நியாயமான கேள்வி, பண்டில் என்பதும் பல கேம்களை ஒன்றாகக் கட்டிக் குறைந்த விலைக்கு விற்பதுதான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் நம்மில் பலர் இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, மலிவாகக் கிடைத்தால் சரி என்று போய்விடுகிறோம்.

முதலில் இந்த கீ என்பது எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது. ஸ்டீமில் ஒரு கேமை விற்கிற டெவலப்பர், வால்வு நிறுவனத்திடம் கேட்டு கீகளை வாங்கிக்கொள்ளலாம். அதற்கு வால்வு காசு வாங்குவதில்லை. ஸ்டீம் கடையில் நேரடியாக விற்றால் 30 சதவீதம் எடுத்துக்கொள்கிற அதே வால்வு, டெவலப்பர் தன் இணையதளத்திலோ வேறு கடையிலோ கீயாக விற்றால் ஒரு பைசா எடுப்பதில்லை. உண்மையிலேயே தாராளமான ஏற்பாடு இது. விமர்சகர்களுக்குக் கொடுக்க, போட்டியில் பரிசாகக் கொடுக்க, பண்டிலில் சேர்க்க எல்லாவற்றுக்கும் இந்த கீதான். ஆனால் வெளியே போன கீ ஒரு பதினைந்து எழுத்துத் துண்டு, அவ்வளவுதான். அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது, நடுவில் யார் காசு கொடுத்தார்கள் என்பதெல்லாம் அந்தத் துண்டில் எழுதியிருக்காது. பண்டிலும் இதில்தான் ஓடுகிறது, கள்ளச் சந்தையும் இதில்தான் ஓடுகிறது.

ஸ்டீமிலேயே வாங்குவது

இதில் பெரிதாகக் குழப்பம் இல்லை. 1,000 ரூபாய் கேம் என்று வைத்துக்கொள்வோம். வரியை விட்டுவிட்டுப் பார்த்தால், முழு விலைக்கு வாங்கினால் 700 ரூபாய் டெவலப்பர் பக்கம் போகும். பாதி விலைத் தள்ளுபடியில் வாங்கினால் 350. முக்கால்வாசி தள்ளுபடி என்றால் 175. 2018 கடைசியில் வால்வு தன் பங்கைக் குறைத்தது உண்மைதான், ஆனால் அது 1 கோடி டாலருக்கு மேல் விற்ற கேம்களுக்குத்தான், ரெண்டு பேர் மூணு பேர் சேர்ந்து செய்கிற கேமுக்கு அந்தக் கோடு எட்டாது.

175 ரூபாய்தானே போகிறது, பண்டிலில் வாங்கினாலும் கிட்டத்தட்ட அப்படித்தானே என்று தோன்றும். ஆனால் ஸ்டீமில் வாங்கும்போது காசு தவிர இன்னொன்றும் போகிறது, நிறைய பேருக்கு இது தெரியாது. 2016 செப்டம்பரில் வால்வு ஒரு மாற்றம் செய்தது. கீ போட்டு கேமைப் பெற்றவர்கள் எழுதுகிற விமர்சனம் அந்த கேமின் மொத்த மதிப்பீட்டுக் கணக்கில் சேராது. டெவலப்பர்களே கீ கொடுத்து நல்ல விமர்சனம் எழுதவைத்தார்கள் என்பதால் வந்த மாற்றம் அது, அதற்கு நியாயம் உண்டு. ஆனால் விளைவு என்னவென்றால், பண்டிலில் வாங்கி நாற்பது மணி நேரம் விளையாடிவிட்டு மனசார நாலு வரி எழுதினாலும் அது பக்கத்தில் தெரியும், கணக்கில் ஏறாது. சின்ன கேமுக்கு முதல் பத்து, ஐம்பது விமர்சனம் என்பது உயிர் மாதிரி. ஆகவே உங்களுக்கு நிஜமாகவே பிடித்த ஒரு சின்ன கேம் என்றால், தள்ளுபடியிலாவது ஸ்டீமிலேயே வாங்கி ரெண்டு வரி எழுதிவிடுங்கள்.

வாங்குகிறவருக்கும் லாபம் உண்டு. 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் ரீஃபண்ட் கிடைக்கும். வெளியிலிருந்து வந்த கீக்கு இந்த வசதி கிடையாது. அப்புறம், 2015 முதல் ஸ்டீமில் ரூபாயில் விலை இருக்கிறது, நிறைய இண்டி டெவலப்பர்கள், அதாவது பெரிய நிறுவனம் பின்னால் இல்லாமல் கேம் செய்கிற சின்னக் குழுக்கள், இந்தியாவுக்கு என்று டாலர் விலையைவிடக் குறைத்தே வைக்கிறார்கள். இதைப் பற்றிப் பிறகு ஒரு கவலையைச் சொல்கிறேன்.

பண்டில்

பண்டில் என்ற பழக்கம் இண்டி டெவலப்பர்களிடமிருந்தே வந்தது என்பதை முதலில் நினைவில் வைக்க வேண்டும். 2009 அக்டோபரில் வேர்ல்ட் ஆஃப் கூ கேமைச் செய்த 2டி பாய் என்ற இருவர் குழு, கேம் வந்து ஒரு வருடம் ஆனதற்காக, இஷ்டப்பட்ட விலையைக் கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டார்கள். சுமார் 57,000 பேர் வாங்கினார்கள், சராசரி 2 டாலர் சொச்சம். அதில் அதிகம் பேர் கொடுத்த தொகை எவ்வளவு தெரியுமா, 1 சென்ட். காசு கைமாற்றும் கட்டணத்துக்கே காணாத தொகை அது. இருந்தும் மொத்தத்தில் அது அவர்களுக்கு நல்ல வருமானமாகத்தான் இருந்தது, ஏனென்றால் அந்த 57,000 பேரில் பெரும்பாலோர் முழு விலைக்கு வந்திருக்கவே மாட்டார்கள்.

அடுத்த வருடம், 2010 மே மாதத்தில், வோல்ஃபயர் கேம்ஸ் என்ற இன்னொரு சின்னக் குழு அதே யோசனையை விரித்தது. வேர்ல்ட் ஆஃப் கூ, அக்வேரியா, கிஷ், லுகாரு, பெனும்ப்ரா என்று சில கேம்களை ஒன்றாகக் கட்டி, விலை உங்கள் இஷ்டம், கொடுக்கிற காசு டெவலப்பருக்கு எவ்வளவு, தொண்டு நிறுவனத்துக்கு எவ்வளவு என்பதும் உங்கள் இஷ்டம் என்று வைத்தார்கள். முதல் ஹம்பிள் இண்டி பண்டில் இதுதான். சுமார் 1,38,000 பேர் வாங்கி 12 லட்சத்து 70 ஆயிரம் டாலருக்கு மேல் சேர்ந்தது, சராசரி 9 டாலர். லினக்ஸ்காரர்கள் விண்டோஸ்காரர்களைவிட அதிகம் கொடுத்தார்கள். அன்றைக்கு இந்த டெவலப்பர்களில் பலருக்கு அதுவரை கனவிலும் வராத கூட்டம் அது.

ஆனால் ஓட்டையும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. 2011 டிசம்பரில் ஸ்டீம் ஒரு பரிசுக் குலுக்கல் வைத்தது, அதில் நிறைய கணக்கு வைத்திருந்தால் வாய்ப்பு அதிகம். ஒரு சென்ட் கொடுத்துப் பண்டில் வாங்கி, அந்த கீயைப் போட்டுப் புதுப் புதுக் கணக்காகத் திறக்க ஆரம்பித்தார்கள் சிலர். உடனே அந்தப் பண்டில்களை விற்ற ஹம்பிள், ஸ்டீம் கீ வேண்டுமென்றால் குறைந்தது 1 டாலர் என்று விதி போட்டது. கீ என்பது விளையாடுவதற்கு மட்டும் வாங்கப்படுகிற பொருளாக இனி இருக்காது என்பதற்கு எனக்குத் தெரிந்து அதுதான் முதல் அறிகுறி.

இன்றைக்குப் பண்டில் வேறு மாதிரி. 2017இல் கேம் செய்தித் தளமான ஐஜிஎன் ஹம்பிளை வாங்கியது. 2021இல் பணம் செலுத்தும் பக்கத்தில் யாருக்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்கும் அந்தத் தள்ளுகட்டையையே (ஸ்லைடர்) எடுத்துவிடப் பார்த்தார்கள், வாடிக்கையாளர்கள் சத்தம் போட்டதில் பின்வாங்கி, பண்டிலைப் பொறுத்துக் குறைந்தது 15 முதல் 30 சதவீதம் ஹம்பிளுக்கு என்று வரம்பு போட்டுத் திரும்ப வைத்தார்கள். கணக்கு புரிய ஒரு உதாரணம் போடுகிறேன், இது எந்த நிஜ பண்டிலின் கணக்கும் இல்லை. 12 டாலர் பண்டில், எட்டு கேம், அதில் 60 சதவீதம் டெவலப்பர்களுக்குப் போகிறது என்று வைத்தால் ஒரு கேமுக்கு 90 சென்ட் வருகிறது, நம்ம காசில் நூறு ரூபாய்க்குள்தான். கடையில் 20 டாலருக்கு இருக்கிற கேமுக்கு அவ்வளவுதான்.

அதனால் பண்டில் கெட்டதா? கேமின் வயசைப் பொறுத்தது என்பதுதான் என் முடிவு. வந்து மூன்று நாலு வருடம் ஆகி, விற்பனை படுத்துவிட்ட கேமுக்குப் பண்டில் என்பது மழை பெய்த மாதிரி. வேறு வழியில் எட்டாத ஆயிரக்கணக்கான பேரிடம் போய்ச் சேரும், அந்தக் குழுவின் அடுத்த கேம் வரும்போது, அட இவங்க கேம் நான் விளையாடியிருக்கேனே என்று நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆன்லைனில் ஆள் சேர்ந்து விளையாடுகிற கேம் என்றால் இன்னும் நல்லது, ஆளே இல்லாமல் காலியாகக் கிடக்கிற சர்வரில் திடீரென்று கூட்டம் வரும். ஆனால் வெளிவந்து எட்டே மாதத்தில் பண்டிலுக்குள் போகிற கேம், முதல் வாரத்தில் முழு விலை கொடுத்து வாங்கிய ஆளைச் சங்கடப்படுத்துகிறது, அடுத்த முறை அவரும் பொறுத்திருந்து பார்க்கலாம் என்றுதான் இருப்பார். இன்னொன்றும் இருக்கிறது. எட்டு கேம் பண்டிலில் நமக்கு வேண்டியது ரெண்டுதான். மிச்சம் ஆறு கீ என்ன ஆகிறது? தம்பிக்கோ சிநேகிதனுக்கோ கொடுத்தால் சரி. அதைக் கொண்டுபோய்ச் சந்தையில் விற்றால், டெவலப்பர் நூறு ரூபாய்க்கும் குறைவாகக் கொடுத்த கீ அவருடைய 1,000 ரூபாய் கேமுக்கே போட்டியாக அங்கே 200 ரூபாய்க்கு நிற்கும். வாங்குகிற பண்டிலில் நம் பங்கு இதுதான், மிச்ச கீயை விற்காமல் இருப்பது. பணம் செலுத்தும் பக்கத்தில் பங்கு பிரிக்கிற இடம் எங்கேயோ மடித்து வைக்கப்பட்டிருக்கும், அதைத் திறந்து டெவலப்பர் பக்கம் தள்ளிவிடுவதற்கு அரை நிமிஷம்கூட ஆகாது.

இட்ச்.ஐஓ பண்டில் தனி ரகம். அந்தத் தளத்தில் கடைக்கு எத்தனை சதவீதம் என்பதை டெவலப்பரே முடிவு செய்யலாம், ஒன்றும் மாற்றாவிட்டால் 10 சதவீதம். 2020 ஜூனில் அமெரிக்காவில் இனநீதிக்காக அங்கே ஒரு பண்டில் வந்தது, குறைந்தது 5 டாலர், ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட படைப்புகள், எட்டு லட்சத்துக்கும் அதிகமானோர் சேர்ந்து 81 லட்சம் டாலர் கொடுத்தார்கள். அதில் டெவலப்பர்கள் ஒரு காசும் எடுத்துக்கொள்ளவில்லை, தெரிந்தே கொடுத்தார்கள். விலை குறைவு என்பதை மட்டும் வைத்து ஒரு பண்டிலை எடைபோட முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். டெவலப்பர் சம்மதித்தாரா, அதற்கு அவருக்கு என்ன கிடைக்கும் என்று அவருக்குத் தெரியுமா, இந்த ரெண்டு கேள்விக்கும் ஆமாம் என்று பதில் வந்தால் எனக்குப் போதும்.

கீ மறுவிற்பனைச் சந்தை

இங்கேதான் அந்த 210 ரூபாய் கீ இருந்தது. ஜி2ஏ, கிங்குவின் போன்ற தளங்கள் கடை கிடையாது, சந்தை. ஜி2ஏயில் 2020 வரை யார் வேண்டுமானாலும் வந்து தன் கையில் இருக்கும் கீயை விற்க முடிந்தது. ஒரே கேமுக்குக் கீழே பத்து விற்பனையாளர் பெயரும் நட்சத்திர மதிப்பீடும் வரிசையாக இருந்தால் அது சந்தை என்று அர்த்தம். அங்கே இருக்கிற எல்லா கீயும் திருட்டு கீ என்று நான் சொல்லமாட்டேன், அது உண்மையும் இல்லை. பண்டிலில் மிச்சமான கீ இருக்கும், விலை குறைந்த நாட்டில் வாங்கிய கீ இருக்கும். பிரச்சினை என்னவென்றால் நீங்கள் கையில் வாங்குகிறது எது என்று உங்களாலும் சொல்ல முடியாது, பெரும்பாலும் அந்தத் தளத்தாலும் சொல்ல முடியாது.

திருட்டு கீ எப்படி உருவாகிறது என்றால், யாரோ ஒருவருடைய கிரெடிட் கார்டு எண் திருடு போகிறது. அதை வைத்து ஒரு டெவலப்பரின் சொந்தக் கடையில் ஐம்பது கீ வாங்குகிறார்கள். கீ உடனே சந்தைக்குப் போய், பாதி விலைக்கு நம்மைப் போன்ற ஆட்களிடம் விற்று, நல்ல காசாக மாறிவிடுகிறது. ஒரு மாதம் கழித்துக் கார்டின் சொந்தக்காரர் வங்கிக் கணக்கைப் பார்த்து, இது நான் வாங்கியது இல்லை என்று புகார் செய்கிறார். வங்கி பணத்தை டெவலப்பரிடமிருந்து திரும்ப எடுத்துக்கொள்கிறது, இதற்குத்தான் சார்ஜ்பேக் என்று பெயர். அதோடு விட்டால்கூடப் பரவாயில்லை, ஒவ்வொரு சார்ஜ்பேக்குக்கும் தனியாக ஒரு கட்டணம் வேறு டெவலப்பர் தலையில் விழும், பல நேரம் அது கேமின் விலையைவிட அதிகம். அதாவது கேமும் போச்சு, விலையும் போச்சு, மேலே அபராதமும் கட்ட வேண்டும்.

2013இல் நேச்சுரல் செலக்ஷன் 2 கேமைச் செய்த அன்னோன் வேர்ல்ட்ஸ் குழு இப்படி வாங்கப்பட்ட 1,341 கீயை முடக்கியது. அவர்களுக்கு சார்ஜ்பேக் கட்டணமாக மட்டும் போனது சுமார் 30,000 டாலர். முடக்கப்பட்ட ஆட்களின் கோபம் எல்லாம் யார் மேல் வந்தது என்று சொல்லவா வேண்டும், கேம் செய்தவர்கள் மேல்தான்.

இதை நான் வாங்குகிறவன் பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறேன். சில வருடம் முன்பு ஒரு மறுவிற்பனைத் தளத்தில் ஒரு சின்ன கேமுக்குப் பாதிக்கும் குறைவான விலையில் கீ வாங்கினேன். ரெண்டு மாதம் நன்றாக ஓடியது. ஒரு நாள் லைப்ரரியில் கேமைக் காணோம், கட்டணப் பிரச்சினையால் நீக்கப்பட்டது என்று ஒரு அறிவிப்பு மட்டும் இருந்தது. கோபத்தில் கேம் செய்தவருக்கே மின்னஞ்சல் எழுதினேன், காசு கொடுத்து வாங்கினேன், இது என்ன நியாயம் என்று. மறுநாள் பதில் வந்தது, ரொம்பப் பொறுமையாக. அந்த கீ திருட்டுக் கார்டில் வாங்கப்பட்டது, அதற்காக நான் கட்டணம் கட்டியிருக்கிறேன், ஆனால் உங்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை, இந்தாருங்கள் வேறு கீ என்று எழுதி, கீழே புதிதாக ஒன்று வைத்திருந்தார். அதை நான் போடவில்லை. ஸ்டீமில் முழு விலை கொடுத்து வாங்கினேன். அந்த மின்னஞ்சலை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

திருட்டுக் கார்டு மட்டும் இல்லை, கெஞ்சி வாங்குகிற கீயும் உண்டு. என் நண்பர் ஒருவர் கோயம்புத்தூரில் இன்னொருவரோடு சேர்ந்து மூன்று வருடம் உட்கார்ந்து ஒரு கேம் செய்தார். வெளிவந்த வாரம் அவருடைய இன்பாக்ஸைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நூறுக்கும் மேல் மின்னஞ்சல், எல்லாம் யூடியூப் சேனல் நடத்துகிறோம், விமர்சனம் செய்கிறோம், கீ அனுப்புங்கள் என்று. ஒன்றில் நிஜமான ஒரு சேனலின் பெயர், நிஜமான லோகோ, மின்னஞ்சல் முகவரியும் அதே மாதிரிதான், நடுவில் ஒரு புள்ளி மட்டும் கூடுதல். எனக்கு ஒன்று, பார்வையாளர்களுக்குப் பரிசு கொடுக்க ரெண்டு என்று மூன்று கீ கேட்டிருந்தது. இவரும் சந்தோஷமாக அனுப்பினார். பத்து நாள் கழித்து ஒரு மறுவிற்பனைத் தளத்தில் அவர் கேம் 190 ரூபாய்க்கு மூன்று இருப்பு என்று நின்றது. தன் கேமையே தான் 190 ரூபாய் கொடுத்து வாங்கி, வந்த கீயை எக்செல்லில் தேடினார். 47வது வரியில் இருந்தது, பக்கத்துக் கட்டத்தில் அந்த சேனலின் பெயர். அன்றைக்கு அவர் எதுவும் பேசவில்லை. அதற்குப் பிறகு நிஜமான சின்னச் சின்னத் தமிழ் சேனல்காரர்கள் கேட்டால்கூட அவர் கீ கொடுப்பதில்லை, யாரை நம்புவது என்று தெரியவில்லை என்கிறார்.

வெளியே பெரிதாகப் பேசப்பட்ட சண்டைகளும் இதுதான். 2016 ஜூனில் டைனிபில்ட் நிறுவனம், தங்கள் மூன்று கேம்கள் ஜி2ஏ தளத்தில் ஏறக்குறைய 2 லட்சம் டாலருக்கு விற்றிருக்கின்றன, கடை விலையில் பார்த்தால் அதன் மதிப்பு 4.5 லட்சம் டாலர், எங்களுக்கு வந்தது பூஜ்யம் என்று வெளிப்படையாகச் சொன்னது. அவர்களுடைய சொந்தக் கடையிலும் திருட்டுக் கார்டு கொள்முதல் நடந்து சார்ஜ்பேக்காக வந்திருந்தது. ஜி2ஏ இதை ஏற்கவில்லை, கீ பட்டியலைக் கொடுங்கள் என்றது, டைனிபில்ட் கொடுக்கவில்லை. அதே வருடம் ஜி2ஏ, எங்களோடு சேருகிற டெவலப்பர்களுக்கு விற்பனையில் 10 சதவீதம் வரை தருகிறோம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. என் பொருள் எப்படி உங்களிடம் வந்தது என்று கேட்டால், விற்றதில் பத்தில் ஒரு பங்கு தருகிறேன் என்பது அதற்குப் பதில் ஆகாது.

2019இல் விஷயம் முற்றியது. நோ மோர் ரோபோட்ஸ் நிறுவனத்தின் மைக் ரோஸ், தங்கள் கேமைத் தேடினால் கூகுள் விளம்பரத்தில் ஜி2ஏ மேலே வருவதைக் காட்டி, அங்கே வாங்குவதைவிட எங்கள் கேமைத் திருட்டுத்தனமாகவே பதிவிறக்கிக்கொள்ளுங்கள் என்று எழுதினார். விளாம்பீர் நிறுவனத்தின் ராமி இஸ்மாயிலும் அதையே சொன்னார். போலிக் கோரிக்கைகளை விசாரிப்பதிலும் சார்ஜ்பேக்கைத் துரத்துவதிலும் தங்கள் வேலை நேரம் போகிறது என்பது அவர் வாதம். இதைப் பலர் கோபப் பேச்சு என்று நினைத்தார்கள். கணக்குப் போட்டால் சரியாகத்தான் வருகிறது. திருட்டுப் பதிப்பு இறக்கினால் டெவலப்பருக்கு வரவு பூஜ்யம். திருட்டுக் கார்டு கீ வாங்கினால் வரவு மைனஸில் போகிறது. இதை வைத்து நான் டோரண்ட் இறக்கச் சொல்லவில்லை, அக்கா பையனிடமும் சொல்லவில்லை. ஆனால் தன் உழைப்பை இலவசமாகவே எடுத்துக்கொள் என்று ஒருவர் கெஞ்சுகிற அளவுக்கு அந்தச் சந்தை அவரை நோகடித்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில் ஜி2ஏ ஒரு சவால் விட்டது. திருட்டு கீ எங்கள் தளத்தில் விற்றது என்று நிரூபித்தால், சார்ஜ்பேக்கில் போன பணத்தைப் பத்து மடங்காகத் தருகிறோம் என்றது. ஃபேக்டோரியோ கேமைச் செய்த செக் நாட்டு வூபே குழு அதை எடுத்துக்கொண்டது. 2016இல் தங்கள் தளத்தில் திருட்டுக் கார்டில் வாங்கப்பட்ட 300 சொச்சம் கீக்குத் தலா சுமார் 20 டாலர் வீதம் 6,600 டாலர் கட்டணம் கட்டியதாகக் கணக்கு வைத்திருந்தார்கள். வெளித் தணிக்கையாளரை வைத்துப் பார்ப்பதாகத்தான் பேச்சு, கடைசியில் ஜி2ஏ தானே விசாரித்தது. 2020 மே மாதம் முடிவு வந்தது. 198 கீ அந்தத் தளத்தில் விற்கப்பட்டது உண்மை. 198 பெருக்கல் 20 பெருக்கல் 10, ஆக 39,600 டாலர் கொடுத்தார்கள். வாக்கு மாறாமல் கொடுத்தார்கள், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இதே 2019 ஜூலையில்தான், இப்படிப்பட்ட தளங்களில் திருட்டு கீயை விற்பது ஏறக்குறைய முடியாத காரியம் என்று ஒரு கட்டுரையை எழுதிவைத்து, இது விளம்பரம் என்று குறிப்பிடாமல் வெளியிட முடியுமா என்று சில பத்திரிகையாளர்களை ஜி2ஏ தரப்பு அணுகியது வெளியே வந்திருந்தது. வூபே மாதிரி நாலு வருடம் பழைய கணக்கை எடுத்துவைத்துச் சண்டை போட எத்தனை குழுவுக்கு ஆள் இருக்கும்? ஃபேக்டோரியோ தள்ளுபடியே போடாமல் லட்சக்கணக்கில் விற்ற கேம், அவர்களால் முடிந்தது. கோயம்புத்தூர் நண்பருக்கு முடியாது.

முன்னே சொன்ன கவலைக்கு வருகிறேன், இது நேரடியாக நம்மைத் தொடுகிறது. ஒரு நாட்டில் விலை குறைவு என்றால் அங்கே வாங்கி வேறு நாட்டுக்கு விற்பது இந்தச் சந்தையின் பழைய வேலை. அதனால்தான் ஸ்டீம் பரிசு அனுப்புவதற்கே நாடு தாண்டிய தடைகள் வந்தன. அர்ஜென்டினா, துருக்கி இரண்டுக்கும் விலை ரொம்பக் குறைவாக இருந்தது. வெளிநாட்டு ஆட்கள் கணக்கை அங்கே மாற்றிக்கொண்டு வாங்கித் தள்ள, பல டெவலப்பர்கள் அங்கே விலையை ஏற்றினார்கள். 2023 நவம்பரில் நாணய ஏற்ற இறக்கத்தைக் காரணம் சொல்லி வால்வு இரண்டு நாட்டுக்கும் டாலர் விலைக்கே மாறிவிட்டது, அங்கே நேர்மையாக வாங்கிக்கொண்டிருந்த பையன்களுக்குத்தான் அடி. நமக்கு இன்று 880 ரூபாய்க்குக் கிடைக்கிற கேம் அந்த விலையில் இருப்பது, இங்கே வாங்கினால் இங்கேதான் விளையாடுவார்கள் என்ற நம்பிக்கையில். அந்த நம்பிக்கை போனால் 20 டாலருக்கு நேர் ரூபாய் என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

இலவசம்

எபிக் ஸ்டோர் என்ற இன்னொரு கேம் கடையில் வாராவாரம் இலவசமாக வருகிறதே, அதை எடுத்தால் டெவலப்பருக்கு நஷ்டமா என்றும் அக்கா பையன் கேட்டான். இல்லை. அங்கே எபிக் நிறுவனமே டெவலப்பருக்கு மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிடுகிறது. ஆப்பிளோடு நடந்த வழக்கில் 2021இல் வெளிவந்த ஆவணத்தின்படி, 2018 டிசம்பரில் முதல் இலவச கேமாக வந்த சப்நாட்டிகாவுக்கு எபிக் கொடுத்தது 14 லட்சம் டாலர். அதைச் செய்தது யார் என்றால் மேலே சொன்ன அதே அன்னோன் வேர்ல்ட்ஸ் குழு. பாதி விலை, முக்கால் விலை கொடுத்து நாம் வாங்கிய கீயால் 30,000 டாலர் இழந்தவர்கள், நாம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமல் எடுத்துக்கொண்ட கேமுக்கு 14 லட்சம் டாலர் பெற்றார்கள். இதைச் சொன்னபோதுதான் அக்கா பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

சரி, எதை எப்போது

புதிதாக வந்த சின்னக் குழு கேம், உங்களுக்கு ஆசையாக இருக்கிறது, காசும் இருக்கிறது என்றால் ஸ்டீமிலோ இட்ச் தளத்திலோ இன்றைக்கே வாங்குங்கள். காசு இல்லை என்றால் விஷ்லிஸ்டில் போடுங்கள், அது டெவலப்பருக்கு நீங்கள் செய்கிற சின்ன உதவியும்கூட, தள்ளுபடி வந்தால் உங்களுக்கும் மின்னஞ்சல் வரும். கோடைத் தள்ளுபடி, குளிர்காலத் தள்ளுபடி என்று வருடத்தில் பல முறை வருகிறது, இண்டி கேம்கள் பாதி விலைக்கு இறங்குவது சாதாரணம். ரெண்டு மூணு வருடம் பழைய கேம் என்றால் பண்டிலுக்குக் காத்திருப்பதில் தப்பே இல்லை, பட்டியலில் குறைந்தது மூன்று கேமாவது நிஜமாக விளையாடுவீர்கள் என்றால் வாங்குங்கள். ஹம்பிள், ஃபனடிகல், கிரீன் மேன் கேமிங் மாதிரி டெவலப்பரிடமோ பப்ளிஷரிடமோ நேரடியாக கீ வாங்கி விற்கிற கடைகள் பிரச்சினை இல்லை. எது அப்படிப்பட்ட கடை என்று குழப்பமாக இருந்தால் இஸ் தேர் எனி டீல் என்ற விலை ஒப்பீட்டுத் தளத்தில் தேடுங்கள், அது அங்கீகரிக்கப்பட்ட கடைகளின் விலையை மட்டும்தான் காட்டும். அதில் வராத ஒரு தளம் பாதாள விலைக்குத் தருகிறது என்றால் மூடிவிட்டு வந்துவிடுங்கள். பெரிய நிறுவனத்து கேம்தானே, அவர்களுக்கு என்ன ஆகப்போகிறது என்று அங்கே போகிறவர்களிடமும் எனக்கு ஒரே பதில்தான், அந்த கீயும் யாரோ ஒருவருடைய கார்டில் வாங்கியதாக இருக்கலாம்.

அக்கா பையன் அன்றைக்கு வாங்கவில்லை, விஷ்லிஸ்டில் போட்டுவைத்தான். மூன்று வாரம் கழித்து 40 சதவீதம் தள்ளுபடி வந்தது, 528 ரூபாய். தாத்தா காசில் வாங்கிவிட்டு எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். போன ஞாயிற்றுக்கிழமை அந்த கேமின் பக்கத்தைத் திறந்து பார்த்தால், ஆங்கிலமும் சீனமுமாக இருந்த விமர்சனங்களுக்கு நடுவில் தமிழில் மூன்று வரி. மூணாவது லெவலில் அந்த மழைச் சத்தத்துக்காகவே ஹெட்போன் போட்டு விளையாடுங்க என்று எழுதியிருந்தான். கீழே கேம் செய்தவர் மொழிபெயர்ப்புச் செயலி போட்டுப் படித்திருப்பார் போல, அந்த மழையைப் பதிவு செய்ய ஒரு இரவு முழுக்க மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தேன், கவனித்ததற்கு நன்றி என்று பதில் போட்டிருந்தார்.